ஒரே காடு, இரண்டு பூச்சி: அரக்கும் சால் துளைப்பானும்

போன வருஷம் பாட்டி காலத்துக் கல் அட்டிகை ஒன்றை மாற்றுவதற்காக அம்மாவுடன் நகைக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரக்கு கழிச்சுதான் எடை போடுவோம்" என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "வாங்கும்போது அரக்குக்கும் சேர்த்துத்தான காசு வாங்கினாங்க?" பேரம் அரை மணி நேரம் நீண்டது. கல்லுக்கு அடியில் திணித்திருந்த கருஞ்சிவப்புக் கட்டியைப் பட்டறையில் உருக்கி எடுத்தார்கள். அந்த வாசனை எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் தபால் ஆபீஸ் பதிவுப் பார்சலுக்கு மெழுகுவர்த்தியில் காட்டி முத்திரை குத்துவார்களே, அதே வாசனை.

அன்றைக்கு ஆரம்பித்த தேடல் எங்கெங்கோ போய் ஜார்க்கண்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முடிந்தது. அரக்கைத் தேடிப் போனவனுக்கு அதே காட்டில் வேறொரு பூச்சியும் அகப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றைம்பது வருடக் காட்டு வரலாறே தெரிகிற மாதிரி இருந்தது. அதனால் இந்தக் குறிப்பு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரக்குப் பூச்சி. அறிவியல் பெயர் கெரியா லாக்கா. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சிவப்புத் தூசி மாதிரி லட்சக்கணக்கில் கிளைமேல் ஊர்ந்து போகும். இளம் குச்சி கிடைத்ததும் ஊசி போன்ற வாயைப் பட்டைக்குள் செருகி மரத்தின் சாற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதோடு அதன் பயணம் முடிந்தது. பெண் பூச்சி அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே நகராது. காலும் போய்விடும். உடம்பிலிருந்து கசிகிற பிசின் அதைச் சுற்றி இறுகி ஒரு கூடாகும். மூச்சுக்கும் கழிவுக்கும் மட்டும் மூன்று சின்னத் துளைகள், அவற்றிலிருந்து வெள்ளை நூல் மாதிரி மெழுகு இழைகள். ஆண்கள் சில நாள் மட்டும் வெளியே வந்து, கூடிவிட்டுச் செத்துப்போகும். பக்கத்துப் பக்கத்துக் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளையையே ஒரு தடித்த உறை மூடிவிடும். அந்த உறைதான் அரக்கு. கிளையோடு வெட்டி, சுரண்டி, இடித்து, கழுவி, உருக்கினால் கடைக்கு வருகிற சரக்கு.

இந்தப் பூச்சிக்கு எல்லா மரமும் ஆகாது. பலாசு (நம் ஊரில் புரசு என்பார்கள்), இலந்தை, குசும் ஆகிய மூன்றும்தான் முக்கியம். இதிலும் ஜாதி உண்டு. பலாசிலும் இலந்தையிலும் வளர்வது ரங்கீனி. குசும் மரத்துக்குப் பழகியது குசுமி, இதன் அரக்கு நிறம் வெளுத்து, விலை கூடுதலாக இருக்கும். இரண்டுமே வருஷத்துக்கு இரண்டு அறுவடை தருபவை. முண்டா, ஹோ, ஓராவோன் மக்கள் இதை வேளாண்மை போலவே செய்திருக்கிறார்கள். முன்கூட்டியே கிளையைக் கழித்துத் துளிர் வரவைப்பார்கள். குஞ்சு வெளிவரப்போகிற அரக்குக் குச்சிகளைச் சின்னக் கட்டுகளாக்கி மரத்தில் கட்டுவார்கள். குஞ்சுகள் இறங்கிக் குடியேறியதும் காலிக் குச்சிகளை அவிழ்த்துவிடுவார்கள். விதைப்பு என்றே சொல்லலாம், நிலத்துக்குப் பதில் மரம்.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் அரக்குப் பூச்சி சுத்தமான ஒட்டுண்ணி. சாற்றை உறிஞ்சுகிறது, கிளை வாடுகிறது, மரத்துக்கு ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து கட்டினால் நசிந்தே போகும். நம் தோட்டத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் இல்லையா? அரக்குப் பூச்சி அதற்குத் தூரத்துச் சொந்தக்காரன்தான்.

அரக்கின் பழமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதர்வண வேதத்தில் லாக்ஷா என்ற பெயரில் ஒரு துதி இருக்கிறது. பாரதத்தில் அரக்கு மாளிகை எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் 'அரக்கு' என்ற சொல்லே லாக்ஷாவிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. தமிழில் லகரம் சொல்லின் முதலில் வராதே, அதனால் முன்னால் ஓர் அகரம் சேர்ந்து, லகரம் ரகரமாகிவிட்டது. ஆனால் இதை ஒரு பூச்சி செய்கிறது என்று ஐரோப்பிய அறிவியல் இதழ் ஒன்று விரிவாக எழுதியது 1781-இல்தான். பாட்னாவிலிருந்து ஜேம்ஸ் கெர் என்பவர் அனுப்பிய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி தன் இதழில் வெளியிட்டது. பத்து வருடம் கழித்து, 1791-இல், சாமர்லகோட்டாவிலிருந்து வில்லியம் ராக்ஸ்பர்க் இன்னொரு கட்டுரை எழுதினார்.

அவர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? சிவப்புச் சாயம். கம்பெனிப் படைகளின் சிவப்புச் சட்டைக்குச் சாயம் வேண்டும். அப்போது நல்ல சிவப்பு என்றால் கொச்சினீல், மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளியில் வளர்கிற இன்னொரு பூச்சி. அது ஸ்பெயின்காரன் கையில் இருந்தது. இங்கே சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுக் கொச்சினீல் வளர்க்கப் பார்த்தார். 1780-களின் கடைசியில் நடந்த கதை, தனியாக ஒரு பதிவு எழுதலாம். அந்த முயற்சி தேறவில்லை. அரக்கைக் கழுவும்போது வடிகிற சிவப்புத் தண்ணீர் கொஞ்ச காலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் சாயம்தான் முதல் சரக்கு.

1856-இல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அரக்குச் சாயத்துக்கு ஆளில்லை. ஆனால் பூச்சிக்கு அதிர்ஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிசினை ஷெல்லாக் தகடாக்கி, சாராயத்தில் கரைத்தால் மர வார்னிஷ். மின்சாரக் கம்பிக்கு உறை. 1890-களின் நடுவில் எமில் பெர்லினர் தன் கிராமபோன் தட்டைக் கெட்டி ரப்பரிலிருந்து ஷெல்லாக் கலவைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு உலகத்தின் பாட்டெல்லாம் சோட்டா நாக்பூர்க் காட்டுப் பூச்சியின் பிசினில்தான் பதிவானது. தட்டில் பாதிக்கு மேல் கல்பொடிதான், கரியும் உண்டு. ஆனால் அவற்றை ஒட்டவைத்து ஊசி ஓடுகிற வழவழப்பைக் கொடுத்தது அரக்கு. பாகவதர் பாட்டும் கே.பி. சுந்தராம்பாள் பாட்டும் கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடைந்ததற்கும் அதுவே காரணம். எங்கள் தாத்தா ஒரு தட்டை உடைத்த குற்றத்துக்காகச் சித்தப்பாவை வெளுத்த கதை குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

ஷெல்லாக் செய்கிற முறையைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. பத்து மீட்டர் நீளம் வரைக்கும் போகிற குழாய் போன்ற துணிப்பை. அதில் கழுவிய அரக்கு மணிகளை நிரப்பிக் கரி அடுப்பின் முன்னால் நீட்டுவார்கள். ஒரு முனையில் ஒருவர் உட்கார்ந்து முறுக்க, நெருப்பருகில் இருப்பவர் கசிந்து வரும் உருகலை வழித்தெடுப்பார். மூன்றாவது ஆள் அந்தச் சூடான கூழை ஒரு தகடாகப் பரப்பி, இரண்டு கையால், இரண்டு பாதத்தால், அது போதாமல் பல்லால் கவ்வி, ஆளுயரத்துக்கு இழுத்து விரிப்பார். ஆறியதும் அப்பளம் மாதிரி நொறுக்கினால் ஏற்றுமதிச் சரக்கு. மிர்சாபூரிலும் ஜால்தாவிலும் பலராம்பூரிலும் இதே வேலைதான். நியூயார்க் வீட்டு மேசையின் பளபளப்புக்கு முன்னால் ஒரு மனிதனின் பல்லும் பாதமும் இருந்திருக்கின்றன.

விலை ஏறினால் ஏகத்துக்கு ஏறும், விழுந்தால் அதே வேகத்தில் விழும். சந்தையைப் புரிந்துகொள்ள லிண்ட்சே, ஹார்லோ என்ற இரண்டு அதிகாரிகளை அரசு அனுப்ப, அவர்கள் அறிக்கை 1921-இல் வந்தது. அதன் பலனாக ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் உருவானது. ஒரே ஒரு பூச்சிக்காக ஒரு நிலையம்! 1942-இல் அமெரிக்கா ஷெல்லாக்கைப் போர்ச் சரக்காக்கிச் சாதாரண உபயோகத்தைக் கடுமையாகக் குறைத்தது. புது இசைத்தட்டு வேண்டுமானால் பழைய தட்டைக் கொண்டுவந்து கொடு என்று கடைகளில் கேட்ட காலம் அது. 1948-இல் வினைல் தட்டு வந்தது. அத்தோடு பாட்டுக் கதை முடிந்தது. பேக்கலைட் ஏற்கெனவே மின்சார வேலையைப் பிடுங்கியிருந்தது. பேக்கலாண்ட் அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பியதே ஷெல்லாக்குக்கு ஒரு மாற்று தேடித்தான்.

இன்றைக்கு அரக்கு மாத்திரையின் மேல்பூச்சிலும், ஆப்பிள் பளபளப்பிலும், மிட்டாயிலும் இருக்கிறது. பொட்டலத்தில் ஈ904 என்று போட்டிருந்தால் அதுதான். சுத்த சைவர்கள் இந்த வரியை மறந்துவிடலாம்.

சரி, இரண்டாவது ஆளுக்கு வருவோம்.

சால் துளைப்பான். ஹோப்ளோசெராம்பிக்ஸ் ஸ்பைனிகார்னிஸ் என்று வாயில் நுழையாத பெயர். நீள மீசை வண்டு வகை, பெரியது என்றால் கட்டைவிரல் அளவு. அரக்குப் பூச்சி பட்டையில் ஒட்டி உட்கார்ந்தபடி சாறு குடித்து, ஒரு வேலையும் செய்யாத மாதிரி வீடு கட்டும். இது அப்படியே எதிர்ப்பக்கம். மழைக்காலம் தொடங்கி முதல் நல்ல மழை விழுந்ததும் மரத்துக்குள்ளிருந்து வண்டு வெளியே வரும். பெண் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டை வைக்கும். புழு முதலில் பட்டைக்கு அடியிலும், அப்புறம் வெள்ளைக் கட்டையிலும், கடைசியில் வைரக் கட்டையிலும் குடைந்து இறங்கும். விரலைவிட நீளமாக வளர்ந்து, மரத்தின் நடுவில் ஓர் அறை செய்து, வாசலைச் சுண்ணாம்பு போன்ற மூடியால் அடைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அடுத்த மழை வரை அங்கேதான். மரத்தடியில் மரத்தூள் குவியலாகக் கொட்டிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். முழங்கால் உயரத்துக்குத் தூள் குவிந்தால் அந்த மரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சால் மரம் சும்மா நிற்பதில்லை. அதன் ஆயுதம் பிசின். புழு துளைத்ததும் பிசின் பெருகி அதை மூழ்கடித்துக் கொன்றுவிடும். அந்தப் பிசின் நமக்கும் தெரிந்ததுதான், குங்கிலியம் என்ற பெயரில் நம் பூஜைக் கடைகளில் விற்கிற பிசின்களில் சாலின் பிசினும் ஒன்று. மனைவியின் தாலியை விற்று அரிசிக்குப் பதில் குங்கிலிய மூட்டையோடு போன குங்கிலியக்கலய நாயனார் கதை ஞாபகம் வருகிறதா? சாம்பிராணிக் கரண்டியில் புகைகிற அதே சரக்கு, காட்டில் மரத்தின் படைக்கலம்.

இந்த ஆயுதம் இருப்பதால் சாதாரண வருடங்களில் துளைப்பான் ஆரோக்கியமான மரத்தை நெருங்க முடியாது. விழுந்தது, நோயாளி, மின்னல் தாக்கியது, சாகப்போகிறது என்று தேடித்தான் போகும். செத்த கட்டையை மண்ணாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிற துப்புரவு ஊழியன் என்று சொல்லலாம். எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் கணக்கு மாறும். ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் புழுக்கள் இறங்கினால் பிசின் எத்தனையைத்தான் மூழ்கடிக்கும்? அப்போது நல்ல மரமும் சாகும்.

எண்ணிக்கை ஏன் எகிறுகிறது? இங்கேதான் வரலாறு உள்ளே வருகிறது.

ரயில் பாதைக்கு அடியில் போடும் கட்டைக்கு மருந்து ஏற்றாமலே தாங்குகிற மரங்கள் இந்தியாவில் மூன்றுதான் முதன்மை: தேக்கு, தேவதாரு, சால். 1850-களுக்குப் பிறகு சால் காட்டை ரயில்வே விழுங்க ஆரம்பித்தது. காடு தீர்ந்துவிடும் என்ற பயத்தில் 1864-இல் வனத்துறை, 1878-இல் கடுமையான வனச் சட்டம். சிங்பூமிலும் மண்ட்லாவிலும் சால் காடுகள் அரசின் ஒதுக்கக் காடுகளாயின. உள்ளே வாழ்ந்தவர்களின் வெட்டுரிமையும் மேய்ச்சலும் சுருங்கின. கலப்புக் காட்டில் மற்ற மரங்கள் பின்னுக்குப் போய், ஏக்கர் ஏக்கராக முதிர்ந்த சால் மட்டும் நெருக்கமாக நிற்கும் காடு மேலாண்மையின் இலட்சியமானது. வண்டின் கண்ணில் அது பந்தி போட்ட கல்யாண மண்டபம். மழைக்காலத்தில் வெட்டிப் போட்ட கட்டைகள் கிடந்தால் அது அழைப்பிதழ்.

பெரும் பெருக்கம் பற்றிய முதல் பதிவுகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோட்டா நாக்பூரிலிருந்து வருகின்றன. பிர்சா முண்டாவின் எழுச்சி நடந்த அதே நிலம், ஏறக்குறைய அதே காலம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காட்டைக் கணக்குப் புத்தகமாக மாற்றிய அதே நிர்வாகத்தின் கோப்புகளில் இரண்டும் தொல்லையாகவே பதிவாகின. 1906-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஸ்டெப்பிங் 1914-இல் வெளியிட்ட வன வண்டுகள் பற்றிய பெரிய நூலில் இதற்கு இடமுண்டு. 1920-களில் மண்ட்லாவில் மறுபடி பெரிய அடி விழ, அடுத்த பூச்சியியலாளர் பீசன் அதைத் துருவி ஆராய்ந்தார்.

அந்தக் காலத்தில் உருவான 'பொறி மரம்' முறை இன்றைக்கும் இருக்கிறது. மழை தொடங்கியதும் ஒரு சால் மரத்தை வெட்டித் துண்டு போட்டு, முனைப் பட்டையை அடித்து நசுக்கி வைப்பார்கள். சாறு கசியும். வாசனைக்கு வண்டுகள் சில நூறு மீட்டர் தூரத்திலிருந்துகூட வந்து, குடித்து, கள் குடித்தவன் மாதிரி கிறங்கிக் கிடக்கும். ஆட்கள் கையால் பொறுக்கிக் கொல்வார்கள். மருந்தும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. ஒரு வண்டுக்கு இத்தனை பைசா என்று கூலி.

1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில், இன்றைய சத்தீஸ்கரும் சேர்ந்திருந்த மாநிலத்தில், நடந்ததும் மிகப் பெரிய பெருக்கங்களில் ஒன்று. மண்ட்லா, பாலாகாட், பிலாஸ்பூர் என்று ஐந்து லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பரவி, பாதிக்கப்பட்ட மரங்கள் முப்பது லட்சம் என்ற அளவுக்குப் போனது. வனத்துறை பாதிக்கப்பட்ட மரங்களை வெட்ட ஆரம்பித்ததும் சண்டை. "வண்டு பேரைச் சொல்லி மரம் விற்கிறீர்கள்" என்றார்கள் எதிர்த்தவர்கள். "வெட்டாவிட்டால் மிச்சக் காடும் போகும்" என்றார்கள் இவர்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நான் படித்தவரை, பிழைக்கக்கூடிய லேசான தாக்குதலையும் சாகப்போகிற மரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாமே இருந்தது. தரையில் கிடக்கிற மரத்தூளின் அளவைப் பார்த்து ஒரு வனக்காவலர் எடுக்கிற முடிவு அது. அந்த ஆள் மேல் எவ்வளவு பாரம் பாருங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று உயிருள்ள மரத்தைக் கட்டாயம் உறிஞ்சும், அதை 'செல்வம்' என்கிறோம். இன்னொன்று பெரும்பாலான வருடங்களில் சாகிற மரத்தை மட்டும் தின்னும், அதை 'கொள்ளைநோய்' என்கிறோம். உயிரியல் இந்தப் பெயர்களை வைக்கவில்லை. பலாசுக் கட்டையை ரயில்வே கேட்கவில்லை, அதனால் அதன் நசிவு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. சால் அரசின் மரம், ஒரு மரம் போனாலும் கணக்கில் நஷ்டம்.

சட்டம் இதைவிட வேடிக்கை. 1927 இந்திய வனச் சட்டம் வன விளைபொருள் எதுவென்று சொல்லும்போது சில பொருள்களைக் காட்டிலிருந்து வந்தாலும் வராவிட்டாலும் வன விளைபொருள்தான் என்கிறது. அந்தப் பட்டியலில் அரக்கு இருக்கிறது. அதாவது ஒரு முண்டா விவசாயி தன் வயல் வரப்பில் நிற்கும் இலந்தை மரத்தில், தானே விதை கட்டி, தானே காத்து வளர்த்த பூச்சியின் பிசினும் வன விளைபொருள். எடுத்துப் போக அனுமதிச் சீட்டு கேட்க வழி திறந்துவைத்த வரி அது. 2006 வன உரிமைச் சட்டம் அரக்கைச் 'சிறு வன விளைபொருள்' என்று சொல்லி, மரபாகச் சேகரித்தவர்களுக்கு அதன்மேல் உரிமை கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் அந்த வரையறையின் வாசகத்தைப் படித்தால், 'தாவர மூலம் கொண்ட' பொருள்கள் என்று தொடங்கி, அதற்குள் தசர் பட்டையும் தேனையும் அரக்கையும் சேர்த்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் பூச்சியைச் செடியாக்கிவிட்டது! சிரித்தேன், ஆனால் குறை சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தப்பான சொல்லுக்குள்தான் பல லட்சம் பேருடைய நியாயமான உரிமை உட்கார்ந்திருக்கிறது.

துளைப்பானுக்குச் சட்டத்தில் இடமில்லை. வண்டு பொறுக்கியவர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி உண்டு, மரத்தில் பங்கு கிடையாது.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பலாசு மரத்தில் அடுத்த பருவத்துக்கான அரக்கு விதையைக் கட்டுவது ஜூலையில், மழை பிடித்ததும். சால் துளைப்பான் வெளியே வருவதும் அதே மழைக்குத்தான். ஆக, ஒரே வாரத்தில் ஒரே ஆள் காலையில் வரப்போரப் பலாசில் ஏறிப் பூச்சிக் குச்சிகளைக் கயிற்றால் கட்டிவிட்டு, மத்தியானம் வனத்துறையின் பொறிக் கட்டைக்குப் போய் வண்டுகளைப் பொறுக்கி, சாயங்காலம் எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்க முடியும். 1997-இலும் 98-இலும் அப்படிச் செய்தவர்கள் இன்றைக்கும் மண்ட்லா பக்கம் இருப்பார்கள். போய்க் கேட்க வேண்டும் என்று ஆசை.

அம்மாவின் அட்டிகை அரக்கைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மேசை இழுப்பறையில் இருக்கிறது.